நெல் அவித்த அண்டாவும் செல்லுக்குள் ஒரு கதவும்

1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் சாப்பாட்டுப் பந்தியை இரண்டாகப் பிரித்தார்கள். வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள், இரட்டைப்படை எண்காரர்கள் மறுபக்கம். ஒரு பந்திக்குச் சயாமிலிருந்து வந்த, ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசிச் சோறு. மற்றதற்கு வங்காளத்திலிருந்து வந்த புழுங்கலரிசிச் சோறு. ஒவ்வொரு பந்தியிலும் சுமார் 120 பேர்.

அடுத்த ஆண்டு முடிவதற்குள் பச்சரிசிப் பந்தியில் 30 பேருக்கு மேல் பெரிபெரி என்ற நோயில் விழுந்தார்கள். அவர்களில் 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பந்தியில், நோயோடு விடுதிக்கு வந்து சேர்ந்த இருவரைத் தவிர, புதிதாக ஒருவருக்கும் நோய் வரவில்லை.

இரண்டும் நெல்லிலிருந்து வந்த அரிசிதான். ஒன்றை அப்படியே குத்தித் தீட்டினார்கள். மற்றதை ஊறவைத்து, உமியோடு அவித்து, களத்தில் உலர்த்திவிட்டுக் குத்தினார்கள். ஓர் அவியலுக்கும் ஓர் உயிருக்கும் நடுவே என்ன இருக்கிறது? விடை தேடிப் போனவர்கள் கோழிக்கூண்டுக்குப் போனார்கள், தவிட்டு மூட்டைக்குப் போனார்கள், கடைசியில் நம் உடலின் ஏறத்தாழ ஒவ்வொரு செல்லுக்குள்ளும் திறந்து மூடும் ஒரு கதவின் முன் வந்து நின்றார்கள். அந்தக் கதவின் பெயர் பைருவேட் டிஹைட்ரோஜினேஸ்.

தமிழர் தட்டில் இருந்த அரிசி

பெரிபெரி என்பது சிங்களச் சொல் என்பார்கள். தளர்ச்சி என்று பொருள். முதலில் கால் மரத்துப்போகும். பிறகு பாதம் தூக்க முடியாமல் தொங்கும். உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாது. சிலருக்கு உடம்பெல்லாம் நீர் கோத்து, இதயம் வீங்கி, மூச்சு வாங்கும். அப்படிப்பட்டவர்கள் சில நாளில், சில வேளை சில மணி நேரத்தில், போய்விடுவார்கள்.

மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் இந்த நோயில் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். அதே வெயிலிலும் மழையிலும் தோட்டங்களில் பாடுபட்ட தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன் இதைக் கூர்ந்து பார்த்தார். சீனர்கள் உண்டது தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர்கள் ஊரில் உண்ட வழக்கப்படியே புழுங்கலரிசி உண்டார்கள். கிராமத்து மலாய்க்காரர்கள் வீட்டிலேயே அவ்வப்போது குத்திய அரிசியை உண்டார்கள், அவர்களையும் நோய் அவ்வளவாகத் தொடவில்லை. குற்றம் அரிசியில்தான் என்று 1907ல் பிராடன் ஒரு பெரிய நூலே எழுதினார்.

அதன்பின் ஹென்றி பிரேசர், தாமஸ் ஸ்டான்டன் என்ற இருவர், ஜாவாவிலிருந்து வந்த சாலைத் தொழிலாளர்கள் 300 பேரை இரு கூட்டமாக்கிக் காட்டுப்பகுதியில் தங்கவைத்தார்கள். பச்சரிசிக் கூட்டத்தில் மூன்று மாதத்துக்குள் பெரிபெரி தலைகாட்டியது. அவர்களுக்குப் புழுங்கலரிசி கொடுத்ததும் நோய் நின்றது. புழுங்கலரிசிக்காரர்களைப் பச்சரிசிக்கு மாற்றினார்கள். நோய் அந்தப் பக்கம் போனது. இடத்தின் மேலும் கிருமியின் மேலும் பழி போட இனி வழியில்லை.

ஜாவாவில் டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மன் ஏற்கெனவே இதன் ஒரு நுனியைப் பிடித்திருந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன, பிறகு தாமாகவே தேறின. விசாரித்தபோது, இடையில் சில மாதம் ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு அவற்றுக்குத் தீனியாகப் போனது தெரிந்தது. புதிதாக வந்த சமையற்காரர், ராணுவத்து அரிசியைக் கண்ட கோழிக்குப் போட முடியாது என்று நிறுத்திவிட்டார். கோழிகள் பிழைத்தன. அதன்பின் ஜாவாவின் சுமார் 100 சிறைகளில் கணக்கெடுத்தார்கள். தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் 39 கைதிகளுக்கு ஒருவர் வீதம் பெரிபெரி. தவிடு நீக்காத அரிசி போட்ட சிறைகளில் ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒருவர்.

சோற்றில் நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு முறிவு இருக்கிறது என்று எய்க்மன் நினைத்தார். அவருக்குப் பின் வந்த கெரிட் கிரின்ஸ் 1901ல் வேறு விதமாகச் சொன்னார்: நஞ்சு எதுவும் இல்லை, உடலுக்கு இன்றியமையாத ஏதோ ஒன்று தீட்டும்போது போய்விடுகிறது. இருப்பது கெடுக்கும் என்று மட்டுமே எண்ணிப் பழகிய மருத்துவத்துக்கு, இல்லாததும் கொல்லும் என்பது புதுப் பாடம்.

அந்த ‘ஏதோ ஒன்றை’ 1926ல் ஜாவாவிலேயே யான்சன், தோனத் என்ற இருவர் தவிட்டிலிருந்து படிகமாகப் பிரித்தார்கள். அதன் வேதியியல் அமைப்பைக் கண்டு, 1936ல் ஆய்வுக்கூடத்தில் செய்தே காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ். அவர் பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில். இளமையில் மணிலாவில் வேலை பார்த்தபோது, பெரிபெரியால் சாகக் கிடந்த கைக்குழந்தையின் வாயில் தவிட்டுச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட, அது பிழைத்ததைக் கண்ணால் பார்த்தவர். அந்தக் காட்சி அவரை 25 ஆண்டுக்கு மேல் விடவில்லை. தயமின் என்ற பெயரும் அவர் வைத்ததுதான். நாம் வைட்டமின் பி1 என்கிறோம்.

புறாவின் மூளையில்

தயமின் இல்லாவிட்டால் நோய் வரும் என்பது தெரிந்தது. ஏன் வரும்? இதைக் கேட்டவர் ஆக்ஸ்போர்டில் இருந்த ருடால்ஃப் பீட்டர்ஸ். தீட்டிய அரிசி மட்டும் தின்ற புறாக்களுக்குக் கழுத்து பின்பக்கமாக வளைந்து இழுத்துக்கொள்ளும். தயமின் செலுத்தினால் சில மணி நேரத்தில் தலை நேராகிவிடும். இவ்வளவு விரைவில் தேறுகிறது என்றால் மூளையின் கட்டமைப்பு எதுவும் அழிந்திருக்க முடியாது, ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு வேலைதான் நின்றுபோயிருக்கிறது என்று பீட்டர்ஸ் கணித்தார்.

1930களில் அவரும் உடனிருந்தவர்களும் நோயுற்ற புறாவின் மூளைத் திசுவைக் கூழாக்கிச் சோதித்தார்கள். அது ஆக்சிஜனைச் சரியாக உறிஞ்சவில்லை. பைருவேட் என்ற பொருள் எரியாமல் தேங்கிக் கிடந்தது. அந்தக் கூழில் துளி தயமின் சேர்த்ததும் ஆக்சிஜனை மறுபடி உறிஞ்சத் தொடங்கியது. உயிருள்ள புறாவில் நடந்த மீட்சி கண்ணாடிக் குடுவைக்குள்ளேயே நடந்துவிட்டது. உறுப்பைக் குறை சொன்ன காலம் போய், ஒரு வேதிவினையைச் சுட்டி ‘நோய் இங்கே இருக்கிறது’ என்று சொல்லும் காலம் அந்தக் குடுவையில் தொடங்கியது எனலாம்.

மூன்றிலிருந்து இரண்டு

சோறோ, இட்லியோ, கரும்போ, உள்ளே போனபின் பெரும்பகுதி குளுக்கோஸ்தான். ஒரு குளுக்கோஸில் ஆறு கரி அணுக்கள். செல்லின் கூழில் அது இரண்டாக உடைந்து, மும்மூன்று கரி அணு கொண்ட இரண்டு பைருவேட் ஆகிறது. இந்த உடைப்பில் செல்லுக்குக் கிடைக்கும் ஆற்றல் சொற்பம்: ஏடிபி என்ற ஆற்றல் நாணயம் இரண்டே இரண்டு. அதே குளுக்கோஸை முழுமையாக எரித்தால் சுமார் 30 கிடைக்கும். அப்படி எரிக்கும் அடுப்பு மைட்டோகாண்டிரியா. பைருவேட்டை அந்த அடுப்புக்கு ஏற்ற விறகாகப் பிளந்து கொடுக்கும் நொதி பைருவேட் டிஹைட்ரோஜினேஸ்.

டிஹைட்ரோஜினேஸ் என்றால் ஹைட்ரஜனை உருவி எடுக்கும் நொதி என்று பொருள். உடலில் இந்த வகையில் பல உண்டு. மதுவைச் சிதைக்கும் கல்லீரல் நொதி ஒன்று, ஓடிக் களைத்த தசையில் லாக்டிக் அமிலத்தைக் கையாளும் நொதி ஒன்று. அவை பெரும்பாலும் ஒற்றை ஆளாக வேலை செய்பவை. பைருவேட் டிஹைட்ரோஜினேஸ் ஒரு முழுப் பட்டறை. மூன்று வகை நொதிகள், ஒவ்வொன்றிலும் பல பிரதிகள், எல்லாம் ஒரே உருண்டையாகத் திரண்டவை. நம் உடலில் இதன் எடை ஏறக்குறைய 1 கோடி டால்டன். ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் போல 150 மடங்கு. செல்லுக்குள் இருக்கும் மிகப் பெரிய நொதித் தொகுதிகளில் இதுவும் ஒன்று. ஆனாலும், ஒரு தலைமுடியின் அகலத்தில் இவற்றை வரிசையாக அடுக்கினால் ஆயிரத்துக்கு மேல் நிற்கும்.

பட்டறையின் முதல் மேடையில் தயமின் உட்கார்ந்திருக்கிறது. அதன் மூலக்கூறில் ஒரு நைட்ரஜனுக்கும் ஒரு கந்தகத்துக்கும் நடுவே ஒரு கரி அணு உண்டு. மருத்துவம் 50 ஆண்டுகள் தேடிய மர்மம் அந்த ஒரே அணுவில் இருக்கிறது என்பதை 1958ல் ரொனால்ட் பிரெஸ்லோ என்ற வேதியியலாளர் விளக்கினார். அது தன் ஹைட்ரஜனை எளிதில் விட்டுவிடும். விட்ட இடத்தால் பைருவேட்டைப் பற்றிக்கொள்ளும். பற்றியதும் பைருவேட்டின் மூன்று கரி அணுக்களில் ஒன்று கழன்று கரியமில வாயுவாகப் பறக்கும். நாம் வெளிவிடும் மூச்சில் இதுவும் சேர்த்தி. முழுதாக எரியும் ஒரு குளுக்கோஸிலிருந்து வரும் கரியமில வாயுவில் மூன்றில் ஒரு பங்கு இந்தப் பட்டறையிலிருந்து கிளம்புவதுதான்.

மீதி இரண்டு கரி அணுக்கள் தயமினிடம் தங்குகின்றன. அவற்றை வாங்கிக்கொள்ள ஒரு நீண்ட கை வருகிறது. லிப்போயிக் அமிலம் என்பது அந்தக் கையின் பெயர். நுனியில் இரண்டு கந்தக அணுக்கள், அடியில் நொதியோடு பிணைப்பு. ஏற்றம் இறைப்பது போல இந்தப் பக்கம் சாய்ந்து சரக்கை எடுக்கும், அந்தப் பக்கம் சாய்ந்து கோஎன்சைம் ஏ என்ற சுமைதாங்கியின் தோளில் வைக்கும். இரண்டு கரி அணுவைச் சுமந்து புறப்படும் அதற்கு அசிட்டைல் கோஎன்சைம் ஏ என்று பெயர். அதுதான் மைட்டோகாண்டிரியாவின் விறகு. இந்தக் கையைக் கண்டுபிடிக்க மனிதர்கள் பட்ட பாடும் சிறிதல்ல. அமெரிக்க உயிர்வேதியியலாளர் லெஸ்டர் ரீடும் உடனிருந்தவர்களும் சுமார் 10 டன் ஈரல் சக்கையைப் பிழிந்து, 1951ல் 30 மில்லிகிராம் லிப்போயிக் அமிலத்தைப் படிகமாக எடுத்தார்கள்.

சரக்கைக் கொடுத்துவிட்ட கை, நுனிக் கந்தகங்களில் ஹைட்ரஜனை ஏந்தியபடி நிற்கும். மூன்றாம் மேடையின் நொதி அதை உருவி, என்ஏடி என்ற ஏந்தியிடம் சேர்க்கும். கை பழையபடி அடுத்த பைருவேட்டுக்குத் தயார். உருவிய ஹைட்ரஜனின் எலெக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் நாம் இழுத்த ஆக்சிஜனைச் சேர்ந்து நீராகும். உண்ட சோறும் இழுத்த மூச்சும் ஒன்றையொன்று சந்திக்கும் பாதை இங்கிருந்து தொடங்குகிறது.

இந்தப் பட்டறைக்கு ஐந்து துணைவர்கள் வேண்டும். அவர்களில் லிப்போயிக் அமிலத்தை உடல் தானே செய்துகொள்கிறது. தயமின் பி1, பிளேவின் துணைவர் பி2, என்ஏடி பி3, கோஎன்சைம் ஏ பி5 வைட்டமின்களிலிருந்து வருபவர்கள். மாத்திரை அட்டையில் வரிசையாகப் படிக்கும் அந்தப் பெயர்கள் எல்லாம் இந்த ஒரே இடத்தில் கை கோத்து வேலை செய்கின்றன.

திரும்பி வர முடியாத வாசல்

இந்தக் கதவு ஒருவழிக் கதவு. இதைத் தாண்டிய இரண்டு கரி அணுக்களைத் திரும்ப ஒட்டிப் பைருவேட் ஆக்கும் வழி விலங்கு உடலில் இல்லை. மிகுதியாக உண்ட சோறு இந்த வாசலைக் கடந்து கொழுப்பாகலாம். கொழுப்பின் நீண்ட அமிலச் சங்கிலிகள் இந்த வழியே மீண்டு சர்க்கரையாக முடியாது. அதனால்தான் இதைத் திறப்பதும் மூடுவதும் உடலுக்கு அவ்வளவு பெரிய முடிவு.

1969ல் ரீடின் குழு அந்தத் தாழ்ப்பாளையும் கண்டது. ஒரு நொதி, பட்டறையின் முதல் மேடையில் பாஸ்பேட் ஒன்றை ஒட்டிக் கதவைச் சாத்தும். இன்னொரு நொதி அதைப் பிய்த்துத் திறக்கும். சாப்பிட்டபின் சுரக்கும் இன்சுலின் திறக்கச் சொல்லும். தசை சுருங்கும்போது பொங்கும் கால்சியமும் திறக்கச் சொல்லும். பட்டினி கிடக்கும்போது தசைகள் கதவைச் சாத்திக்கொண்டு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். மிச்சம் பிடித்த சர்க்கரை மூளைக்குப் போகும். விரதம் இருக்கும் ஒருவரின் உடம்பில், அவர் அறியாமலே, தசைகள் மூளைக்காகத் தம் பங்கை விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

இப்போது பெரிபெரியை மறுபடி பார்க்கலாம். தயமின் இல்லாத உடலில் தாழ்ப்பாள் திறந்திருந்தும் கதவு நகராது. பைருவேட் ரத்தத்தில் தேங்கும், லாக்டிக் அமிலமாகப் பெருகும். உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, உடலின் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கும் உறுப்பு. அது சர்க்கரையை நம்பி வாழ்வது. நீண்ட நரம்புகளும் அப்படியே. கொழுப்பை எரிக்கத் தெரிந்த இதயமும் தப்ப முடியாது, ஏனென்றால் மைட்டோகாண்டிரியாவின் உள்ளே, இதே அச்சில் வார்த்த மற்றொரு டிஹைட்ரோஜினேஸ் இருக்கிறது. அதற்கும் தயமின் வேண்டும். தளர்ந்த காலும் வீங்கிய இதயமும் ஒரே குறையின் இரு முகங்கள்.

இந்தக் கதவை நஞ்சும் அடைக்கும். ஆர்சனிக் அந்த நீண்ட கையின் இரு கந்தகங்களையும் சேர்த்துப் பிடித்துப் பூட்டிவிடுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லூயிசைட் என்ற ஆர்சனிக் நஞ்சுக்கு முறிவு தேடியபோது, பீட்டர்ஸின் குழு புறா மூளையில் கற்ற பாடத்தை எடுத்துக்கொண்டது. ஆர்சனிக் இரட்டைக் கந்தகத்தைத் தேடி வருகிறதா, அதைவிட இறுகப் பற்றும் இரட்டைக் கந்தகத்தை நாமே கொடுப்போம் என்று டைமெர்கேப்ரால் மருந்தை உருவாக்கினார்கள். உலோக நஞ்சுகளுக்கு அது பின்னர் மருத்துவமனை மருந்தானது.

விதையின் தோலில்

நம் உடல் சேமித்து வைக்கும் தயமின் மொத்தமே சுமார் 30 மில்லிகிராம். நாளொன்றுக்குத் தேவை ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். வரத்து நின்றால் சில வாரங்களில் கையிருப்பு தீரும். ஓயாமல் குடிப்பவர்கள், மசக்கை வாந்தியால் வாரக்கணக்கில் எதுவும் தங்காத கர்ப்பிணிகள், நெடுநாள் பட்டினி கிடந்தவர்கள் இன்றும் இந்த விளிம்பில் நிற்கிறார்கள். அவர்களுக்கு வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் அடைந்த கதவின் முன் கூட்டம் இன்னும் நெருக்கும், மூளை கெட்டுவிடக்கூடும். ஆகவே அத்தகையவர்களுக்குக் குளுக்கோஸுக்கு முன்போ அதனுடனோ தயமின் கொடுப்பது மருத்துவ நெறி.

நெல் தன் தயமினைத் தவிட்டிலும் முளையிலும் வைத்திருக்கிறது. நமக்காக வைத்ததல்ல. உள்ளே குவிந்திருக்கும் மாவை எரித்துத்தான் நாற்று தலை தூக்க வேண்டும், அதற்கும் இதே நொதி உண்டு, இதே தயமின் வேண்டும். விறகையும் தீக்குச்சியையும் விதை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது. ஆலை விறகை நமக்குக் கொடுத்துவிட்டுத் தீக்குச்சியை மாட்டுக்குப் போட்டுவிடுகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, நீரில் கரையும் தயமின் தோலிலிருந்து உள்ளே இறங்குகிறது. வெந்து இறுகும் மாவு அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு தீட்டினாலும், கழுவினாலும், கஞ்சி வடித்தாலும் பச்சரிசியைவிட அதில் மிஞ்சுவது அதிகம்.

1918ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய ஆய்வின் பெயரே ‘பெரிபெரி விசாரணை’. அது வளர்ந்து, 1958ல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. குன்னூரில் மெக்கரிசனுக்குப் பின் வந்த ஐக்ராய்டு, சென்னை மாகாணத்தின் வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி இருப்பதையும் புழுங்கலரிசி உண்ணும் பகுதிகளில் அது இல்லாததையும் ஆராய்ந்தார். மலாயாவில் கண்ட வேறுபாடு ஒரே மாகாணத்துக்குள்ளும் இருந்தது.

அண்டாவில் நெல் அவித்தவர்கள் தயமினுக்காக அவிக்கவில்லை. அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, பூச்சி எளிதில் அண்டாது, வயிற்றில் நெடுநேரம் நிற்கும் என்பதற்காக அவித்தார்கள். அந்த வேலையில் இன்னொரு பலனும் பெயரில்லாமல் சேர்ந்து வந்தது. ஆலை வைத்தவர்களும் கெடுதல் நினைக்கவில்லை. வெண்மையும் நீண்ட நாள் கெடாமையும் வேண்டும் என்று தோலை உரித்தார்கள். அதனோடு வேறொன்றும் பெயரில்லாமல் போய்விட்டது. அறியாமல் காத்ததும் அறியாமல் கொன்றதும் ஒரே பொருள்தான். பழையது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது, புதியது என்பதாலேயே கெட்டதாகிவிடாது. ஆனால் உணவிலிருந்து எதை நீக்கினாலும், இன்னும் நாம் பெயர் வைக்காத ஒன்று அதனோடு போகிறதா என்று கேட்கும் பொறுமை வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்வதற்குள் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் எண்ணற்றோர் மாண்டுபோனார்கள்.

இன்று மதியம் உண்ட சோறு இந்நேரம் பைருவேட்டாகி, கோடானுகோடிக் கதவுகளின் முன் வந்து நிற்கிறது. ஒவ்வொன்றிலும் அந்தச் சிறு கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டிருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் நீங்கள் விடும் மூச்சில் அது கழற்றி அனுப்பிய கரி அணுக்களும் இருக்கும்.